அந்தச் சிறு பெண் வீடு திரும்பினாளா?

போன ஞாயிறு எங்கள் சபையில் (கோத்தகிரி பக்கம்) ஒரு அண்ணன் சாட்சி சொன்னார். 2009 நவம்பர் மழை ஞாபகம் இருக்கும், நீலகிரி முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன மழை. அன்று இவர் மாமியார் வீட்டில் மாட்டிக்கொண்டாராம். திரும்ப பஸ் இல்லை. "பஸ் இல்லாம பண்ணிட்டீங்களே ஆண்டவரேன்னு கோவிச்சுக்கிட்டுப் படுத்தேன், விடிஞ்சு பார்த்தா என் வீடு இருந்த இடத்துல மண்ணுதான் இருக்கு" என்றார். சபை மொத்தமும் அல்லேலூயா சொன்னது. நானும் பாதி சொல்லிவிட்டேன், அப்புறம்தான் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த அக்காவைக் கவனித்தேன். அதே மழையில் மகனைப் பறிகொடுத்தவர். கைக்குட்டையை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், பிரித்தார், மறுபடி நாலாக மடித்தார். சாட்சி முடியும்வரை தலை நிமிரவே இல்லை.

அந்த அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் நன்றி சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஆனால் "தேவன் எதிர்பாராத விதத்தில் கிரியை செய்வார்" என்று நாம் சொல்வதெல்லாம் கதை நல்லபடியாக முடிந்த பிறகுதான், அதுவும் முடிந்தவர் வாயால்தான். முடியாதவர்களுக்கு மைக் கொடுப்பதில்லை.

இந்தத் தலைப்பில் பிரசங்கம் என்றால் பைபிளில் வரும் நாகமான் கட்டாயம் வருவார். சீரியாவின் படைத்தலைவர், குஷ்டரோகி. வெள்ளியும் பொன்னும் பத்து மாற்று வஸ்திரமும் வண்டியில் ஏற்றிக்கொண்டு இஸ்ரவேலின் தீர்க்கதரிசி எலிசாவின் வாசலில் வந்து நிற்கிறார். தீர்க்கதரிசி வெளியே வந்து, நின்று, கையைத் தடவிக் குணமாக்குவார் என்று மனதுக்குள் ஒரு படமே ஓட்டி வைத்திருந்தார். எலிசா வெளியேகூட வரவில்லை. ஆள் அனுப்பி, யோர்தானில் ஏழு தரம் முங்கச் சொன்னார். ஐயாவுக்கு வந்ததே கோபம், எங்கள் தமஸ்குவில் இல்லாத ஆறா என்று வண்டியைத் திருப்பிவிட்டார். கூட வந்த வேலைக்காரர்கள் நயமாகப் பேசி இறக்கியிருக்காவிட்டால் குஷ்டத்தோடேயே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். நமக்கும் இதே பழக்கம் உண்டு, கேட்பது மட்டுமல்ல, எப்படி, எந்த வாசல் வழியாகக் கொடுக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே ஆண்டவருக்கு எழுதிக் கொடுத்துவிடுவோம். சரி, இதுவரை எல்லாப் பிரசங்கியாரும் சொல்வதுதான்.

எனக்கு நாகமானை விட அந்த வீட்டில் இருந்த சிறு பெண்தான் முக்கியம். சமாரியாவில் ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார், எஜமான் அவரிடம் போனால் சுகமாகும் என்று முதலில் சொன்னவள் அவள். கொள்ளையடிக்க வந்த சீரியப் படை இஸ்ரவேலிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த பெண். அம்மா அப்பாவிடமிருந்து பிடுங்கி வரப்பட்ட ஒரு பிள்ளை ராத்திரியில் என்ன ஜெபம் செய்திருக்கும்? வீட்டுக்குப் போகவேண்டும் என்பதைத் தவிர வேறென்ன? நாகமான் குணமானார், இஸ்ரவேலின் தேவனை அறிந்துகொண்டார், ஊர் திரும்பினார். அவள் திரும்பினாளா? 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தை எத்தனை தரம் புரட்டினாலும் பதில் கிடையாது. பெயர்கூட கிடையாது.

இதை நான் கவனித்ததற்குக் காரணம் எங்கள் அப்பாயி, அப்பாவின் அம்மா.

அவர் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, மூன்று லட்சம் பேருக்கு அங்கேயே குடியுரிமை என்று பங்கு பிரித்தார்களே, அந்தக் கணக்கில் வந்தவர். அவருக்கு இந்தியா, கூடப்பிறந்த தங்கைக்கு இலங்கை. ஒரே லயத்தில் (தோட்டக்காரர்களின் வரிசை வீடு), பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருந்த இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே பக்கம் இருக்கவேண்டும் என்று உபவாசம் இருந்தார்களாம். நடக்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு ஆரம்பித்த டேன்டீ தோட்டத்தில் வேலை கிடைத்து இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே பறித்த அதே கொழுந்து, அதே குளிர், அதே அட்டை. கூடைக் கயிறு பதிந்து பதிந்து உச்சந்தலையில் ஒரு கோடு முடியில்லாமலே இருக்கும், சின்ன வயதில் அதில் விரல் வைத்து இழுத்து விளையாடுவேன்.

எங்கள் ஊர் போதகர் ஐயாமார்களுக்கு மலை ரயில் உதாரணம் என்றால் உயிர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை எஞ்சின் பின்னால் நின்று தள்ளும், முன்பெட்டியில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது, ஆனாலும் வண்டி மேலே ஏறும், தேவன் அப்படித்தான் என்பார்கள். நல்ல உதாரணம்தான், நானே வாலிபர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கே இறங்கப் போகிறோம் என்பது டிக்கெட்டிலேயே இருக்கிறது. அப்பாயிக்கு அது இல்லை.

1977-இலும் 1983-இலும் இலங்கையில் தோட்டத் தமிழர்களையும் அடித்தார்கள், லயங்களைக் கொளுத்தினார்கள். தங்கை குடும்பம் வவுனியா பக்கம் போனதாக ஒரு கடிதம் வந்தது. அப்புறம் கடிதம் இல்லை. சபையில் நாலு பேர் வந்து, "பார்த்தீங்களா, இதுக்குத்தான் கர்த்தர் உங்களை முன்னாடியே இங்க கொண்டுவந்தார்" என்று ஆறுதல் சொன்னார்கள். அப்பாயி கேட்டாராம்: "அப்ப என் தங்கச்சிய எதுக்கு விட்டாரு? அவளும் அதே ஜெபந்தான பண்ணுனா?"

யாரிடமும் பதில் இல்லை. இன்றைக்கும் என்னிடம் இல்லை. நான் பிழைத்ததுதான் தேவ சித்தம் என்றால் பக்கத்துக் காம்பராக்காரி போனது யாருடைய சித்தம் என்ற கேள்வி வரத்தான் செய்யும். "எல்லாம் நன்மைக்கே" என்று அதன் வாயை அடைப்பதை விசுவாசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தார்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட அதே அப்பாயி அன்று ராத்திரியும் முழங்கால் போட்டார். சாகிற வரைக்கும் போட்டார். பதில் கிடைத்ததால் போட்டார் என்று நினைக்காதீர்கள். கேள்வியை எடுத்துக்கொண்டு போக அவருக்கு வேறு இடம் இல்லை, கேட்டால் கோபித்துக்கொள்ளாத ஆள் என்று ஆண்டவர்மேல் ஒரு நிச்சயம் இருந்தது. தங்கை பெயரை எப்போதும் உயிரோடு இருப்பவரைச் சொல்வது மாதிரித்தான் ஜெபத்தில் சொல்வார். நம்பிக்கை என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சீரியாவில் இருந்த அந்தச் சிறு பெண்ணும் தனக்கு வழி திறக்கவில்லை என்று தெரிந்தேதான், தன்னைப் பிடித்து வைத்திருந்த வீட்டுக்காரர் சுகமாகட்டும் என்று வாயைத் திறந்திருக்கிறாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அந்த அக்காவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றேன். அவரே வந்தார். கைக்குட்டையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, "சாட்சி சொன்ன அந்தத் தம்பியோட பொண்ணுக்கு வியாழக்கிழமை நிச்சயதார்த்தமாமே, நான் போறேன், தனியா போக ஒரு மாதிரி இருக்கு, நீயும் கூட வரியா?" என்றார்.