தனியார் சங்கம் என்றாலும் வழக்கு உண்டு

"அமெரிக்காவில் பள்ளி விளையாட்டுச் சங்கங்கள் தனியார் அமைப்புகள், மாநிலம் தனிச் சட்டம் போட்டால்தான் அவற்றின் மேல் அரசியலமைப்பு உரிமை வழக்குப் போட முடியும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருப்பது தவறு. பெயருக்குத் தனியார்தான், சரி. ஆனால் டென்னசி மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்துக்கு எதிராக பிரெண்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளி தொடுத்த வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. உறுப்பினர்களில் 84 சதவீதம் அரசுப் பள்ளிகள். கூட்டம் நடத்துவதும் விதி எழுதுவதும் அப்பள்ளிகளின் அதிகாரிகள். அதனால் சங்கத்தின் செயல் அரசின் செயலாகவே கருதப்படும் என்றது. அப்படியிருக்க, பெற்றோர் கூட்டாட்சிச் சட்டப்படியே நீதிமன்றம் போகலாம். மாநிலச் சட்டசபைக்காகக் காத்திருக்க வேண்டாம். அப்புறம், வழக்குப் போட முடியும் என்பதற்காக வென்றுவிடுவார்கள் என்றில்லை. அதே வழக்கு 2007இல் மறுபடி வந்தபோது சங்கம்தான் ஜெயித்தது. மாணவர்களின் உரிமை சம்பந்தப்பட்டது, தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.