சுழலும் காகிதச் சக்கரம்

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஜனவரியில் ஒரு தேர்வுக்காக உலக வரைபடத்தில் இடம் குறித்துப் பழகிக்கொண்டிருந்தாள். டான்யூப் நதி எங்கே என்று கேட்டால் பென்சில் சரியான இடத்துக்குப் போகிறது. அந்த நதிக்கரையில் என்ன ஊர் இருக்கிறது என்று கேட்டேன். “அதெல்லாம் கேக்க மாட்டாங்கப்பா” என்றாள். மனசு கேட்கவில்லை.

ஐந்நூறு வருடத்துக்கு முன் பிள்ளைகளுக்கு உலகத்தை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

இன்றைய ருமேனியாவில் பிராஷோவ் என்று ஓர் ஊர். அங்கே பிறந்த யோஹான்னஸ் ஹோன்டர் 1530இல் கிராக்கோவில் ஒரு சின்னப் புவியியல் நூலை உரைநடையில் வெளியிட்டார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி, தானே ஓர் அச்சகம் வைத்து, அதே நூலை 1542இல் லத்தீன் செய்யுளாக மாற்றி அச்சிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். படங்களுக்கான மரக்கட்டைகளையும் அவரே செதுக்கினார். மாணவன் கையில் அடங்குகிற அளவுதான் புத்தகம். நாடு, நதி, மலை எல்லாம் சந்தத்தோடு வரும். கடைசிப் பகுதியில் பொருட்களின் பெயர்களை வகை வகையாக அடுக்கியிருக்கிறார். படித்ததும் எனக்கு நம் நிகண்டுகள்தான் ஞாபகம் வந்தன. திண்ணைப் பள்ளியில் நிகண்டை உருப்போட்டதும் இதே காரணத்துக்காகத்தானே? காதில் விழுந்தது நாக்கில் நிற்கும்.

குறையும் உண்டு. அந்தப் பாட்டில் பூமிதான் நடுவில் நிற்கிறது. மறு வருடமே, 1543இல், சூரியனை நடுவில் வைத்த கோப்பர்நிக்கஸின் நூல் வந்துவிட்டது. ஆனால் ஹோன்டரின் நூல் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மறுபதிப்பாகிக்கொண்டே இருந்தது. மனப்பாடமானதைத் திருத்துவது லேசில்லை.

அதனால் எனக்கு இன்னும் பிடித்தது ஜெர்மன் கணித அறிஞர் பீட்டர் அப்பியனின் 1524ஆம் வருடப் புத்தகம். பக்கத்திலேயே காகிதச் சக்கரங்களை நூலால் கோத்திருப்பார்கள். ஒன்றில், வட துருவத்தை நடுவில் வைத்து வரைந்த உலகப்படம், சுற்றிலும் மணிக் கணக்கு. படிக்கிறவன் கையால் சுழற்றிப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பாடப்புத்தகம் என்றால் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. கை வேலை செய்யாமல் பூகோளம் மண்டையில் ஏறாது.

சரி, நாமே செய்வோம் என்று உட்கார்ந்தோம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, ஒரு சட்டைப் பொத்தான், நூல். உள்வட்டத்தில் தீர்க்கரேகைகள், வெளிவட்டத்தில் 24 மணி. 15 பாகைக்கு ஒரு மணி நேரம். லண்டனைப் பூஜ்யத்திலும் சென்னையை 80இலும் குறித்தாள். நண்பகலைச் சென்னைக்கு நேராக வைத்தால் லண்டனில் காலை ஆறரை தாண்டி, ஆறே முக்காலை எட்டவில்லை. எண்ணிப் பார்த்து, “5 மணி 20 நிமிஷம் வித்தியாசம்” என்றாள். போனை எடுத்துப் பார்த்தால் 5 மணி 30 நிமிடம்.

“தப்பா வரைஞ்சிட்டேனாப்பா?”

இல்லை. அவள் சக்கரம் சூரியனைச் சொல்கிறது, போன் அரசாங்க நேரத்தைச் சொல்கிறது. நம் நாட்டு நேரம் மிர்சாபூர் பக்கம் போகிற 82.5 பாகைக் கோட்டுக்கு உரியது. அட்லஸை இழுத்து வைத்து அந்தக் கோட்டில் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.