பழைய பேஸ்மேக்கர் வயரை எடுப்பது பற்றி ஒரு திருத்தம்

“பழைய வயரைத் தொட்டாலே உயிர் போய்விடும், சீழ் வைத்தால் மாத்திரையிலேயே ஆற்றிவிடலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள், அண்ணா. இது ஆபத்தான அறிவுரை. கிளுவை வேலியில் கோவைக்கொடி பின்னிக்கொள்வது போல, இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் வயர், ஆண்டுகள் ஆக ஆக ரத்தக்குழாய்ச் சுவரோடு தழும்பாக ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது மேற்பெருஞ்சிரை, அதாவது மேலுடம்பிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய குழாய், கிழியலாம் என்பது உண்மைதான். ஆனால் 2017இல் வெளியான ஐரோப்பாவின் எலெக்ட்ரா ஆய்வில், வயர் எடுத்துக்கொண்ட ஏறக்குறைய 3,500 பேரில் பெரிய சிக்கல் வந்தது 1.7 சதவீதத்தினருக்கு, வெற்றி 96.7 சதவீதம்.

கோபியில் என் பெரியப்பாவுக்குச் சட்டைப் பைக்கு நேர்கீழே தோல் சிவந்து மெலிந்து, கருவியின் விளிம்பே தெரிந்தது. களிம்பு தடவியே இரண்டு மாதம் வீணானது. கருவியில் கிருமி புகுந்துவிட்டால் வயரோடு முழுவதையும் எடுப்பதே முறையான சிகிச்சை. மருந்து மட்டும் கொடுத்தால் தொற்று பெரும்பாலும் திரும்பிவிடும். வயரை எடுக்கக் கோவைக்குப் போகிறவர்கள், இதை அடிக்கடி செய்யும் மருத்துவரா, இதய அறுவை நிபுணர் உடனிருப்பாரா என்று தயங்காமல் கேளுங்கள்.