டீ, வடை, அரை நாள் கூலி

சனிக்கிழமை குன்னூரில் மானிய விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்த பயிலரங்கில் பயிற்சியாளர் காட்டிய அந்த ஸ்லைடைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பெயரை மறைத்துத்தான் காட்டினார்களாம், யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லையாம். சரி. மறைத்த பெயர் எங்களுடையது. அது எங்கள் விண்ணப்பம்.

மானியம் கேட்டு எப்படி எழுதக் கூடாது என்பதற்கு உதாரணமாம், இந்த வரி: ‘பேச வரும் முதியவர்களுக்கு டீ, வடை, ஜீப் வாடகை, அரை நாள் கூலி.’ அரங்கமே சிரித்ததாம். எது சிரிப்பு மூட்டியது, வடையா, கூலியா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை, இந்தியா இரண்டு அரசும் இலங்கையின் தோட்டத் தமிழர்களைப் பங்கு போட்டபோது 5,25,000 பேர் இந்தியாவின் கணக்கில் விழுந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் 1968இல் டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் இன்றும் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும், பத்திரப்படுத்தியிருக்கும் காகிதங்களைப் படமெடுக்க வேண்டும், கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலேயே பேரப்பிள்ளைகள் பார்க்கக் கண்காட்சி வைக்க வேண்டும். இவ்வளவுதான் நாங்கள் கேட்டது.

எழுபது வயதிலும் அக்கம்பக்கத்துச் சின்னத் தோட்டங்களுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவரிடம், உட்கார்ந்து பேசுங்கள் என்றால் அன்றைய கூலி போச்சு. அதை யார் கொடுப்பது? அதே பட்ஜெட்டில் கேமராவுக்கு வாடகை உண்டு, எடிட்டருக்குச் சம்பளம் உண்டு, ஆலோசகருக்குக் கட்டணம் உண்டு. யார் வாய் திறந்தால்தான் திட்டமே நடக்குமோ அவருக்குக் கூலி என்று போட்டால் மட்டும் சிரிப்பு. கூலிக்குப் பதில் ‘ஹானரேரியம்’, அதாவது மதிப்பூதியம், என்று எழுதியிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த விண்ணப்பத்தை எழுதிய லட்சணம் எனக்குத்தான் தெரியும். கடைசித் தேதி, மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிடும். காலையிலிருந்து கரண்ட் இல்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். ‘இத்திட்டத்தின் ஸ்டேக்ஹோல்டர்கள் யார்?’ என்று ஒரு கட்டம், அதாவது இதில் பங்குள்ளவர்கள் யார் என்று. என் அப்பாயியைத்தான் எழுதினேன். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, இங்கே வந்து முப்பது வருஷம் கூடை சுமந்தவள், சாகும்வரை, தாயகம் திரும்பியவள் என்று காட்டும் அந்தக் குடும்ப அட்டையை மஞ்சப்பையில் சுற்றி ஒழுகாத மூலையில் தொங்கவிட்டிருந்தாள். அவளை ஆங்கிலத்தில் ஸ்டேக்ஹோல்டர் என்று தட்டும்போது கை கூசியது. அடுத்த கட்டம்: ‘தாக்கத்தை அளவிடும் முறை’. என்னத்தை அளப்பது?

“கணக்குக் கேட்பது தப்பா?” என்று ஒருவர் கேட்பார். தப்பே இல்லை, கேளுங்கள், வடைக்கும் பில் வைக்கிறேன்.

“பெரிய நிறுவனத்தோடு சேர்ந்து செய்ய வேண்டியதுதானே?” வெளிநாட்டுப் பணம் என்றால் அந்தக் கதவையும் 2020இல் சாத்தியாயிற்று. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் திருத்தத்துக்குப் பிறகு, வாங்கியவர் அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. கம்பெனிகள் சமூகப் பொறுப்பு என்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்துக்குப் போனால் வருமான வரித் துறையின் வரிவிலக்குப் பதிவுகள் கேட்கிறார்கள். லயத்தில் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு ஆடிட்டர் செலவே மானியத்தை விழுங்கிவிடும்.

“படிவம் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்.” இதைத்தான் அந்தப் பயிற்சியாளரும் சொன்னாராம். அமெரிக்காவில் வரலாறு, இலக்கியம், பண்பாடு சார்ந்த திட்டங்களுக்குப் பணம் கொடுக்கும் அரசு அமைப்பான நேஷனல் எண்டோமென்ட் ஃபார் த ஹியூமானிட்டீஸ், 2025 ஏப்ரலில் நடந்துகொண்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மானியங்களை ரத்து செய்தது. அவர்கள் எல்லாரும் படிவத்தை அழகான ஆங்கிலத்தில் எழுதியவர்கள்தான்! எல்லா இடமும் இப்படி என்று சொல்லவில்லை. பெங்களூரு இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் இந்திய மொழிகளிலும் விண்ணப்பம் வாங்குகிறது. அங்கே முடிகிறது, மற்ற இடத்தில் ஏன் முடியவில்லை?

இன்னொன்று வரும், அதுதான் எனக்கு எரிகிறது: “காசு கொடுத்தால் கதையை ஜோடித்துச் சொல்வார்கள்.” அப்படியா? பேராசிரியர் சம்பளம் வாங்கிக்கொண்டு பேசினால் ஆராய்ச்சி, கொழுந்து பறிக்கிறவள் முன்னூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பேசினால் பொய்யா? அந்தப் பயிற்சியாளர் சனிக்கிழமை சும்மாவா வந்தார்?

இந்த மலையில் நினைவு என்றால் வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் பங்களாவும், 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மலை ரயிலும்தான். நல்லதுதான், ரயிலை நானும் ரசிப்பேன். ஆனால் அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன் என்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்கியவர்களுக்கு ஒரு கொட்டகையில் நாலு படம் மாட்டக் காசு கேட்டால் அது நகைச்சுவை ஸ்லைடு. பள்ளியில் என்னை ‘ஏ சிலோன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கும் ஒரு வகுப்பே சிரித்தது. சனிக்கிழமை விஷயம் கேள்விப்பட்டதும் முதலில் அந்தச் சிரிப்புதான் காதில் விழுந்தது. விடுங்கள், இது வேறு கதை.

அடுத்த விண்ணப்பம் இந்த மாதக் கடைசியில். அந்த வரி இருக்கும், இந்தத் தடவை பட்ஜெட்டில் முதல் வரியாகவே. நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்கு வந்து உட்கார்ந்து திருத்திக் கொடுங்கள். டீ, வடை, அரை நாள் கூலி உண்டு. ஜீப் மட்டும் உங்கள் செலவு.