மடிநோய்க்கு ஸ்டெம் செல் ஊசி: மேலே உள்ள தகவல் தவறு

"கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை ஊசியாகப் போட்டால் மடிநோய் போய்விடும், ஆன்டிபயாடிக் தேவையில்லை, கறவையும் கூடும்" என்று மேலே போட்டிருக்கிறீர்கள். இதை நம்பி யாரும் மருத்துவரை அழைக்காமல் இருந்துவிடக் கூடாது. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். மாடுகளின் மடிநோய்க்கு இந்தச் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் அனுமதித்த முதல் ஸ்டெம் செல் கால்நடை மருந்துகூடக் குதிரைகளின் மூட்டுக்குத்தான், மடிக்கு இல்லை.

மடிநோய் பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மாதிரிக் கிருமி மடிக்குள் சிறு சீழ்க்கட்டிகளாக ஒளிந்துகொள்ளும். பால் சுரக்கும் திசு நாராக இறுகிப்போகும். ஸ்டெம் செல்லை வைத்து ஆய்வாளர்கள் முக்கியமாகப் பார்ப்பது வீக்கம் தணியுமா, அந்தத் திசு தேறுமா என்பதைத்தான். பால் கூட்டும் ஊசி என்பது வெறும் விளம்பரப் பேச்சு.

சரி, இப்போதைக்குக் கையில் இருப்பது என்ன? கறக்கும் முன் முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக வந்தாலோ, ஒரு காம்புப் பக்கம் மட்டும் சூடாகக் கெட்டிப்பட்டிருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள். அப்புறம் மாடு உடனே படுத்துவிடாமல் தீவனம் போட்டு அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள். காம்புத் துளை மூட நேரம் எடுக்கும்.