போர்டு போயிருச்சுன்னு நீங்களே முடிவு கட்டிட்டு எங்களைக் கூப்பிடாதீங்க

"சின்ன வேலைதான் தம்பி. போர்டு போயிருச்சு. புதுசு வாங்கி வெச்சிருக்கேன். வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போயிருங்க, பத்து நிமிஷம்."

வீட்டுச் சாமான் ரிப்பேரைச் சொந்தத் தொழிலாகச் செய்கிறவர்களில் இதைக் கேட்காதவர் உண்டா? 'சின்ன வேலை' என்று போனில் சொன்னாலே அரை நாள் போச்சு என்று அர்த்தம். அதுவும் பார்ட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டால் முழு நாளும் போச்சு.

முன்பக்கம் கதவு உள்ள வாஷிங் மெஷின். துவைக்கிறது, ஆனால் தண்ணீரை வெளியே தள்ளாமல் அப்படியே நிற்கிறது. டிஸ்ப்ளேயில் டிரெயின் எரர். யாரோ ஒருவர் வீடியோவில் இதே எரருக்குப் போர்டை, அதாவது மெஷினை இயக்குகிற எலக்ட்ரானிக் தகட்டை, மாற்றினாராம், அதனால் இங்கேயும் போர்டுதானாம். ஐயா, அந்த எரர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: குறித்த நேரத்துக்குள் தண்ணீர் மட்டம் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்பது மெஷினுக்கே தெரியாது. வெளியே போகிற ஹோஸ் மடங்கியிருக்கலாம். ஃபில்டரில் பட்டனும் ஹேர்பின்னும் சிக்கியிருக்கலாம். பம்ப்புக்குள் இருக்கும் கம்பிச்சுற்று அறுந்திருக்கலாம். தண்ணீரைத் தள்ளுகிற விசிறியான இம்பெல்லர் தண்டை விட்டுக் கழன்றிருக்கலாம். தண்ணீர் மட்டத்தை அளக்கும் பிரஷர் சுவிட்சுக்குப் போகும் குழாயில் சோப்புக் கசடு அடைத்திருக்கலாம். ஒயரை இணைக்கும் கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கலாம். இவை எல்லாம் இல்லை என்று ஆன பிறகு, கடைசியாகத்தான் போர்டின் மேல் கை வைக்க வேண்டும். இவர்கள் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

போய்ப் பார்த்தால் மெஷின் ஏற்கனவே பிரிந்து கிடக்கிறது. மேல் மூடி ஒரு பக்கம், பின் தகடு ஒரு பக்கம். கழற்றிய ஸ்க்ரூ அத்தனையும் ஒரே கிண்ணத்தில். குட்டை ஸ்க்ரூவும் நீள ஸ்க்ரூவும் கலந்து கிடக்கின்றன. எது எங்கிருந்து வந்தது என்று ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. கனெக்டரின் லாக்கை அமுக்கிவிட்டு இழுக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் ஒயரைப் பிடித்து இழுத்ததில் ஒரு லாக் முறிந்திருக்கிறது. பம்ப்பையும் கழற்றிப் பார்த்திருக்கிறார். "கையால சுத்தினா அடிச்சு அடிச்சு நிக்குது தம்பி, அதனால பம்ப்பும் டவுட்டுதான்" என்கிறார். டிரெயின் பம்ப்பில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. கையால் சுற்றினால் பிடித்துப் பிடித்துத்தான் சுற்றும், அது நல்ல பம்ப்பின் லட்சணம். வழவழவென்று எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால்தான் சந்தேகப்பட வேண்டும். மீட்டரை வைத்தால் 230 வோல்ட் பம்ப்பில் பொதுவாக 150 ஓமை ஒட்டிக் காட்டும். இதுவும் காட்டியது. நல்ல பம்ப்.

"ஃபில்டர் பாத்தீங்களா சார்?"

"அதெல்லாம் முதல்லயே பாத்தாச்சு. சுத்தமா இருந்துச்சு. திறந்தப்ப தண்ணிகூட வரலை."

இந்த இடத்தில்தான் பத்திக்கொண்டு வருகிறது. டிரம்முக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மெஷினிலேயே தாழ்வான இடத்தில் ஃபில்டர் இருக்கிறது. அதைத் திறந்தால் தரை முழுக்கத் தண்ணீர் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அப்படியென்றால் தண்ணீர் ஃபில்டருக்கே வந்து சேரவில்லை. அடைப்பு அதற்கு முன்னால், டிரம்மைச் சுற்றியுள்ள வெளி டப்பின் அடியிலிருந்து பம்ப்புக்கு வரும் மடிப்புக் குழாயில். கோளாறு எங்கே என்று அந்த மெஷின் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு அவர் போர்டுக்கு ஆர்டர் போட்டிருக்கிறார்!

பிறகு அதை எடுக்கிற பாடு. பிளக்கைப் பிடுங்கு. ஃபில்டர் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் அவசரக் கொக்கியை இழுத்துக் கதவைத் திற. பக்கத்தில் இருக்கிற சின்ன டிரெயின் ட்யூபும் அடைப்புக்குப் பின்னால்தான் இருக்கிறது, அதில் ஒரு சொட்டு வராது. ஆகவே டிரம்மிலிருந்து மக் போட்டு மொண்டு ஊற்று. எட்டாத தண்ணீருக்குத் துணி போட்டுப் பிழி. மெஷினைப் பின்னால் சாய்த்து முட்டுக் கொடு. அடியில் தட்டை வை. கிளாம்ப்பைத் தளர்த்திக் குழாயை இறக்கு. டப்பின் அடியில் மிச்சம் இருந்த அழுக்குத் தண்ணீர் நாற்றத்தோடு முழங்கை வரை வழியும். குழாய்க்குள் விரலை விட்டால் குழந்தையின் சாக்ஸ் ஒன்று, முறுக்கிய திரி மாதிரி, சோப்புக் கசடும் நூலும் சேர்ந்து கெட்டியாகி உட்கார்ந்திருக்கிறது. சில மாடல்களில் அந்தக் குழாய்க்குள் பிளாஸ்டிக் பந்து ஒன்று மிதக்கும். சோப்புத் தண்ணீர் வீணாகக் கீழே இறங்காமல் அது அடைத்துப் பிடிக்கும். அதையும் அடைப்பு என்று நினைத்துத் தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். எறியக் கூடாது, கழுவி அதே இடத்தில் போட வேண்டும்.

சாக்ஸ் எப்படி அங்கே போனது? டிரம்முக்கும் கதவு ரப்பருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாக. மெஷினைத் திணித்து ரொப்பினால் சின்னத் துணி அந்த வழியாக வெளி டப்புக்குள் இறங்கிவிடும். ஒரு வலைப் பையில் போட்டு ஜிப்பை மூடினால் இந்த வேலையே இல்லை.

சரி, சாக்ஸ் வெளியே வந்தது. முடிந்ததா? முடியவில்லை. மூடி டெஸ்ட் போட்டால் இப்போது தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது, நிற்கவில்லை. ஏனென்றால் அவர் பின் தகட்டைப் பிரித்தபோது பிரஷர் சுவிட்சின் குழாய் கழன்றிருக்கிறது. பென்சில் கனம்கூட இல்லாத அந்தக் குழாயில்தான் மொத்தக் கணக்கும் இருக்கிறது. டப்பில் தண்ணீர் ஏற ஏற, கீழே உள்ள கிண்ணத்தில் சிக்கிய காற்று அழுந்தி, குழாய் வழியாக சுவிட்சைத் தள்ளும். குழாய் கழன்றால் மெஷினைப் பொறுத்தவரை உள்ளே தண்ணீரே இல்லை, ஆகவே வால்வை மூடாது. அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே கசடு இருக்கிறதா என்று சுவிட்சிலிருந்து பிரித்து ஊதிப் பார்த்து (மாட்டியபடியே ஊதினால் சுவிட்சுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழியலாம்), மடங்காமல் திருப்பி மாட்டி, முறிந்த லாக்குக்குப் பதில் கேபிள் டை போட்டுக் கட்டி, குவியலிலிருந்து ஸ்க்ரூக்களை அளவு பார்த்துப் பிரித்துப் போட்டாக வேண்டும். குட்டை ஸ்க்ரூ போக வேண்டிய இடத்தில் நீளமானதைப் போட்டால் அது உள்ளே இருக்கிற ஒயரைக் குத்தும். குத்திய அன்றைக்கே ஷார்ட் ஆகாது. அதிர்வில் இன்சுலேஷன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் மெஷினின் பாடியைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும்.

எல்லாம் முடித்துக் கூலி கேட்டால் வருகிறது பாருங்கள்: "ஒரு சாக்ஸை எடுத்ததுக்கா இவ்வளவு?"

சாக்ஸை எடுத்ததற்கு இல்லை ஐயா. அது சாக்ஸ்தான், அங்கேதான் இருக்கிறது, போர்டு இல்லை, பம்ப் இல்லை என்று சொன்னதற்கு. நீங்கள் கழற்றிப் போட்டதைத் திரும்பக் கோத்ததற்கு. கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. மாட்டுவது அதன் வால். பார்ட் மாற்றினால் கூலி தருவேன், மாற்றாமல் சரிசெய்தால் தரமாட்டேன் என்றால், நல்ல பம்ப்பைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டிப் பில் போடுகிறவனுக்குத்தான் நீங்கள் பரிசு கொடுக்கிறீர்கள். தொழிலில் ஏமாற்றுக்காரர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கட்டும்.

"அப்ப நான் வாங்கின போர்டை என்ன பண்றது?" என்று எங்களிடமே கேட்கிறார்கள். மாட்டித்தான் பார்ப்போமே என்றும் சொல்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு போர்டுகளுக்குள் இருக்கிற புரோகிராம் வேறு. மாடலுக்கு ஏற்ற புரோகிராம் ஏற்றாமல் மாட்டினால் மோட்டாரின் வகையும் ஹீட்டரும் டிரம்மின் அளவும் அதற்குத் தெரியாது. பல கடைகளில் பெட்டியைப் பிரித்த போர்டைத் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள்.

மாடல் நம்பர் கேட்டால் "வெள்ளைக் கலர், முன்னாடி திறக்கிறது" என்று பதில். வாஷிங் மெஷினில் கதவைத் திறந்தால் அதன் விளிம்பிலோ அதைச் சுற்றியுள்ள சட்டத்திலோ ஸ்டிக்கர் இருக்கும். ஃப்ரிட்ஜில் உள்சுவரில், பெரும்பாலும் காய்கறி டிராயர் பக்கத்தில். ஒரு போட்டோ போதும். கூடவே எரர் நம்பர், எந்தக் கட்டத்தில் நிற்கிறது, உள்ளே தண்ணீர் இருக்கிறதா, பம்ப் சத்தம் வருகிறதா. இந்த நாலு விஷயம் போனில் தெரிந்தால் சரியான பார்ட்டோடு ஒரே தடவையில் வந்து முடித்துவிடலாம். இதைச் சொல்லப் பொறுமை இல்லை. போர்டு என்று தீர்ப்புச் சொல்லப் பொறுமை இருக்கிறது.

ஃப்ரிட்ஜ் என்றால் எல்லோருக்கும் 'கேஸ் தீர்ந்துபோச்சு'. கேஸ் தீராது! அது மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றுகிற பொருள், எரிந்து செலவாகிற பொருள் இல்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் போகும். முறையாகச் செய்தால் லீக்கைத் தேடி அடைத்து, ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரைப் புதிதாகப் போட்டு, வாக்குவம் பம்ப்பை ஓடவிட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுத்து, பிறகு தராசில் வைத்துக் கிராம் கணக்கில் ஏற்ற வேண்டும். ஐசோபியூட்டேன் எனப்படும் ஆர்600ஏ உள்ள வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றில் மொத்த அளவே 100 கிராமுக்குக் கீழே. கண் மதிப்பில் ஏற்றும் வேலை இல்லை அது. தீப்பிடிக்கிற கேஸும்கூட. அது உள்ளே இருக்கும்போது குழாயில் பற்றவைக்கிற நெருப்பு டார்ச்சை வைக்கவே கூடாது. இதற்கு நேரம் கேட்டால் "போன தடவை வந்தவர் அரை மணி நேரத்துல போட்டுட்டாரே" என்கிறார்கள். போட்டார். அதனால்தான் மறுபடியும் கூப்பிடுகிறீர்கள்.

பாதி ஃப்ரிட்ஜில் கேஸ் பிரச்சினையே இல்லை. ஃப்ரீசர் பின்பக்கத் தகட்டுக்குப் பின்னால் பனி மூடியிருக்கும். பனியை உருக்குகிற டிஃப்ராஸ்ட் ஹீட்டரோ சென்சாரோ போயிருக்கும். அந்தப் பனியைக் கத்தியால் குத்தி எடுக்கிறார்களே, அலுமினியக் குழாயில் ஒரு குத்து விழுந்தால் அன்றைக்கு நிஜமாகவே கேஸ் போகும்.

கோபத்தைத் தாண்டிப் பயம் வருவது மைக்ரோவேவ் அவனில்தான். தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கலாம். அதை வடிக்கிற ரெசிஸ்டர் பழுதாகியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. வாஷிங் மெஷினில் கை வைத்தால் எங்களுக்கு வேலை கூடும், அவ்வளவுதான். இதில் கை வைத்தால் உயிர் போகும். வீடியோ போடுகிறவர்கள் இதை முதல் வரியில் சொல்வதில்லை.

கம்பெனிகளை மட்டும் விட்டுவிடுவதா? டிரம் பேரிங் சத்தம் போடுகிறது, சீல் தேய்ந்து தண்ணீர் இறங்கிப் பின்னால் துருக்கோடு தெரிகிறது. இரண்டு பேரிங், ஒரு சீல், கொஞ்சம் கிரீஸ், முடிந்திருக்க வேண்டிய வேலை. திறந்தால் வெளி டப்பின் இரண்டு பாதியையும் ஸ்க்ரூ போடாமல் உருக்கி ஒட்டி வைத்திருக்கிறார்கள். ரம்பத்தால் அறுத்து, பேரிங் மாற்றி, சிலிக்கான் பூசி, சுற்றிலும் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டிரம்மோடு முழு டப்பும் புதிது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் வாஷிங் மெஷின் உதிரிப் பாகங்களைக் குறைந்தது 10 வருஷம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது, பட்டியலில் பேரிங்கும் இருக்கிறது. ஆனால் தனியாகவோ டிரம்மோடு சேர்த்தோ தரலாம் என்று அதிலேயே ஒரு வழியும் விட்டிருக்கிறார்கள். சேர்த்துத்தானே தருவார்கள்! அந்த விலையைச் சொன்னதும் வாடிக்கையாளர் நம்மைத்தான் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். டப்பை ஒட்டினவன் அவர் கண்ணில் படுவதே இல்லை.