எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம்

மூன்று வருடம் முன்பு எங்கள் அடுக்ககத்தில் ஒரு மனு சுற்றி வந்தது. தெருமுனையில் சும்மா கிடந்த மாநகராட்சி இடத்தில் ஈரக்குப்பையை மக்கவைக்கும் உரக்கூடம் வரப்போகிறதாம். நாறும், கொசு வரும், வீட்டு விலை விழும், கையெழுத்துப் போடுங்கள். செக்யூரிட்டி அண்ணன் பேனாவையும் சேர்த்தே நீட்டினார். போட்டேன். உரக்கூடம் வரவில்லை. அங்கே இப்போது கார் நிறுத்துகிறோம்.

இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் வடசென்னையில் குப்பைமேட்டைச் சுமக்கும் கொடுங்கையூரைப் பற்றி நான் வாயைத் திறக்க முடியும்.

தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்கு, மற்றதெல்லாம் கொடுங்கையூருக்கு. பல பத்தாண்டுகளாக இதுதான் ஏற்பாடு. பெருங்குடிக் கிடங்கு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பில். 2022இல் அந்தச் சதுப்புக்கு ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பெயர், கிடைத்தபோது பூநாரைப் படமாகப் பகிர்ந்து தள்ளினோம். ஒரு படத்திலும் குப்பைமேடு இல்லை. கிடங்குக்கும் வீடுகளுக்கும் நடுவே 200 மீட்டராவது வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள். அதற்குள் மேடு மலையாகியிருந்தது.

கொடுங்கையூர் எழில் நகரில் ஒரு நண்பன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவன் அம்மா சாம்பார்ச் சட்டியின் மூடியைக் கரண்டி நுழையும் அளவுக்குத்தான் தூக்கினார், ஈ. புழுக்கம் தாங்காமல், ஜன்னலைத் திறக்கட்டுமாம்மா என்றேன். "மேட்டுல புகை இல்லாத நாளா வாப்பா, திறந்து வைக்கிறேன்."

இப்போது பயோமைனிங் செய்து, அதாவது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து, அந்த மேட்டைக் கரைக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அதே கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டும் என்கிறது மாநகராட்சி. 2025 மே மாதம் அந்தப் பகுதி மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். எங்கேயாவது வைத்துத்தானே ஆகணும், எல்லாத்துக்கும் போராட்டமா என்று என் வாட்ஸ்அப் குழுவிலேயே ஒருவர் சலித்துக்கொண்டார். அவரும் அன்றைக்கு மனுவில் கையெழுத்துப் போட்டவர்தான். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்கள், கொடுங்கையூரிலேயே கழிவுநீர் நிலையம். இத்தனையும் சுமக்கிறவர்கள் சொல்லும் 'வேண்டாம்' தெருவில் நின்றும் எடுபடவில்லை. எனக்கு ஒரு பேனா போதுமாக இருந்தது.

நிலம் மலிவு என்பார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன இடம்தானே என்பார்கள். யார் கெடுத்தது?

ஒவ்வொரு வார்டும் தன் ஈரக்குப்பையைத் தன் எல்லைக்குள்ளேயே உரமாக்கட்டும். மிஞ்சுவதற்குக் கிடங்கு வேண்டும்தான். அதற்கு இடம் பார்க்கும்போது நிலத்தின் விலைக்கு முன்னால், அந்தப் பகுதி ஏற்கெனவே எதையெல்லாம் சுமக்கிறது என்று பார்க்கட்டும்.

அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அந்தத் தெருமுனை இடத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். என் காரும் அங்கேதான் நிற்கிறது.